கோட்டுக்கு வெளிய ரெண்டு நாற்காலி

அட, அந்தக் கதவு அப்படியெல்லாம் சாத்தாதுங்க. லேசாத் தூக்கி, உள்பக்கமா இழுத்து, தோள்ல ஒரு முட்டு முட்டுங்க. ஆங், அவ்வளவுதான். டிரஸ்ட்டு வண்டி. ஊர்ப்பட்ட காட்டையும் வயலையும் காப்பாத்துறோம்னு பேரு, ஒரு கதவுத் தாப்பாளைக் காப்பாத்த முடியல. அந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மேல மாட்டிக்கோங்க. வண்டிக்குள்ளயும்தான். மான் வேட்டைக் காலம், இந்தப் பள்ளத்தாக்குல துப்பாக்கி தூக்குறதுல பாதிப் பேருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மெரில்னுதானே சொன்னீங்க? என் பேரு நெட்டி.

என்ன கேட்டீங்க? ஆமா, சரியாத்தான் கேக்குறீங்க. எங்க ஒப்பந்தத்துல இருக்கிற நிலத்தையெல்லாம் வருஷா வருஷம் எல்லை நடந்து பாக்குறது நான்தான், இருபது வருஷமா. அப்படி இருக்க, ஆர்மண்ட் திபோ பண்ணைக்கு மட்டும் எதுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து டிரஸ்ட்டுல இருந்து உங்களைக் கூப்பிட்டோம்? பிரிசில்லா போன்ல சொல்லலையா? வெளியாள் கண்ணு ஒண்ணு வேணும்னு மட்டும் சொன்னாளா? அவ அப்படித்தான். எங்க டிரஸ்ட்டுக்கே தலைவி, ஆனா கூட்டம் பூராவும் குனிஞ்ச தலை நிமிராம கையுறை பின்னிக்கிட்டு இருப்பா. எல்லாமே காதுல விழும், வாயில இருந்து அரை வார்த்தைதான் வரும். சரி, நானே சொல்றேன். முதல்ல விவகாரத்தைக் கேளுங்க, காரணம் பின்னால வரட்டும். 

ஆர்மண்ட் பண்ணையில மேட்டு வயல்னு ஒண்ணு இருக்கு, புல்லு அறுக்குற வயல். அதோட உச்சியில போய் ஒரு சின்ன வீடு கட்டி வச்சிருக்கான். ஒரே ரூமு, ஒரு பெரிய ஜன்னல், முன்னால ஒரு வராந்தா. நம்ம ஒப்பந்தப்படி அந்த வயல்ல ஒரு கட்டடம் வரக்கூடாது. வீடோ கொட்டகையோ, என்ன கட்டுறதுன்னாலும் கீழ பழைய வீட்டைச் சுத்தி ஒரு கோடு போட்டு விட்டிருக்கோம், அதுக்குள்ள கட்டிக்கணும். நிலம் அவன் பேர்லதான், ஆனா கட்ட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டது வேற யாரும் இல்ல, இதே ஆர்மண்டுதான். அந்த வீடு அங்க நிக்கலாமா, போகணுமா, இதை இன்னிக்கு நீங்க பாத்துச் சொல்லணும். நீங்க சொல்றதுதான் முடிவு. போர்டு ஏத்துக்கும், நான் ஏத்துக்குவேன், அந்த ஆளும் ஏத்துக்கறேன்னு பிரிசில்லா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கான்.

இதுல யோசிக்க என்ன இருக்கு, எடுன்னா எடுக்கணும்னுதானே நினைக்கிறீங்க? அங்கதான் இருக்கு அவனோட கெட்டிக்காரத்தனம். அந்த வீட்டை அவன் தரையில கட்டல. சறுக்குக் கட்டை மேல கட்டியிருக்கான்! ரெண்டு நீளத் தடி, முனையைச் செதுக்கி மேல்நோக்கி வளைச்சு, அதுக்கு மேல வீடு. ஏரி உறைஞ்சதும் மீன்பிடிக் குடிசையை இழுத்துட்டுப் போவோமே, அதே வித்தை. ஒப்பந்தத்துல நிலத்தோட பதிஞ்ச கட்டடம் கூடாதுன்னுதானே இருக்கு, இது பதியல, சும்மா உக்காந்திருக்குன்றான். சங்கிலி போட்டு டிராக்டர்ல இழுத்தா கூடவே வரும், அப்ப இது வீடா வண்டியான்னு என்னையே கேக்குறான். எங்க வக்கீலு ரெண்டு நாள் தாடையைச் சொறிஞ்சுட்டு, விவாதத்துக்கு இடம் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. விவாதத்துக்கு இடம் இருக்குன்னு சொல்ல ஒரு வக்கீலு வேற!

சிரிங்க, சிரிங்க. நானும் முதல்ல சிரிச்சேன். ஆனா அந்தா, வலப்பக்கம் மேல் ரோட்டுல கண்ணாடி பளபளக்குது பாருங்க, அது வின்ஸ்லோ வீடு. பாஸ்டன் டாக்டரு, கோடையிலயும் இலை சிவக்கிறப்பவும் மட்டும் வருவாரு. வாங்கும்போதே ஒப்பந்தத்தோட வாங்கின நிலம். வாங்குன நாள்ல இருந்து அந்தச் சரிவுல விருந்தாளிங்களுக்கு நாலு குடில் கட்டணும்னு குட்டிபோட்ட பூனையாட்டம் சுத்திக்கிட்டு இருக்காரு. ஆர்மண்டோடது நிக்கலாம்னு ஆச்சுன்னா மறுநாளே நாலு வீடு சறுக்குக் கட்டையில வரும். அவரைப் பாத்து அடுத்தவரு, அவரைப் பாத்து இன்னொருத்தரு. அப்பறம் நம்ம ஒப்பந்தத்தை வச்சு அடுப்புப் பத்த வைக்கலாம். கடையில நிக்கும்போது எல்லாரும் கேக்கவே சொன்னாரு. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டியா, நெட்டிகிட்ட ஆர்மண்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமான்னு. 

ஏன் அப்படிச் சொன்னாருன்னா... பாலம் வருது, கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. பலகை ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்கும்.

இடப்பக்கம் பூண்டு போட்டிருக்காங்களே, சின்னஞ்சிறுசுங்க ரெண்டு பேரு, நம்ம ஒப்பந்தம் இருந்ததாலதான் அந்த நிலம் அவங்க கைக்கு எட்டுற விலைக்கு வந்துச்சு. இல்லைன்னா இந்நேரம் அங்க பனிச்சறுக்கு விளையாட வர்றவங்களுக்கு விடுதி நின்னுருக்கும். அதுக்கு மேல தெரியற காடும் நம்மளோடது. நம்மளோடதுன்னா சொந்தம் இல்ல, காவல். மரம் வெட்டிக்கலாம், ஆனா கணக்காத்தான். பட்டுப்போன மரத்தை விட்டு வைங்க, மரங்கொத்திக்கு வேணும்னு சொன்னதுக்கு அந்தக் காட்டுக்காரரு, மரங்கொத்தி எனக்கு வாடகை குடுக்குமான்னாரு. இப்ப வர்றவங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் என் மரங்கொத்தி, என் மரங்கொத்தின்னு காட்டுறாரு. சனங்க அப்படித்தான். முதல்ல கத்துவாங்க, அப்பறம் தாங்களே கண்டுபிடிச்ச மாதிரி பேசுவாங்க. இந்த வேலை எனக்குப் பிடிச்சுப்போனதே அதனாலதான். 

ஆர்மண்டா? அவன் கத்துனது இல்ல. அவன் வேற ரகம். கல்லுளிமங்கன். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்டான்னா மாடு விடலன்னு சொல்லுவான். முப்பத்தஞ்சு மாடு, ஒரு நாய், அவன். எனக்கு வேலிக்காரின்னு பேரு வச்சதே அவன்தான். வேலிக்காரி வந்துட்டா, மாடெல்லாம் ஒழுங்கா நில்லுங்கன்னு கொட்டகைக்குள்ள பாத்துச் சத்தம் போடுவான். இப்ப ஊரே அப்படிக் கூப்பிடுது.

அந்தப் பண்ணையில முன்னாடியும் மீறல் உண்டான்னு கேக்குறீங்களா? ஐயோ, வருஷம் தவறாது! மீறல் எழுதினா, சரி பண்ணிட்டாங்களான்னு பாக்க இன்னொரு தடவை போகணும், உங்க டிரஸ்ட்டுலயும் அப்படித்தானே? மத்த பண்ணைக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு நடை. இந்த ஆளு பண்ணைக்கு மட்டும் எப்பவும் ரெண்டு. முதல் தடவை பாத்தா, ஓடைக்கரையில புதருக்குன்னு விட்டு வச்ச இடத்துல உடைஞ்ச புல்லுக்கட்டு மிஷினு ஒண்ணு குத்துக்கல்லாட்டம் நிக்குது. எடுன்னேன், எடுத்துட்டான். போய்ப் பாத்தேன். டோனட்டு சுட்டு வச்சிருந்தான், சூடா. சரி, நல்ல மனுஷன்தான், தெரியாமப் பண்ணிட்டான்னு வந்துட்டேன்.

அடுத்த வருஷம் கோழிக்கூடு. பாதி கோட்டுக்கு உள்ள, பாதி வெளிய. கோழிங்க சட்டப்படி தூங்குது, சட்டவிரோதமா முட்டை போடுது! நகர்த்துன்னேன், நகர்த்திட்டான். போய்ப் பாத்தேன். அன்னிக்குப் பட்டாணி சூப்பு. அதுக்கு அடுத்த வருஷம் காட்டுக்குள்ள, தவளை முட்டையிடுற குட்டைக்குப் பக்கத்துல விறகு வண்டி. அப்பறம் ஓடை ஓரத்துல சாணிக் குவியல், அதையும் ஏதோ அளவெடுத்துக் கொட்டின மாதிரி கோட்டுக்கு ஒரு அடி இந்தப் பக்கம். ஒரு வருஷம் எல்லை பூரா சுத்தி வந்துட்டேன், ஒண்ணுமே இல்ல, பண்ணை பளிச்சுன்னு இருக்கு. சந்தோஷப்படணும்ல? எனக்கென்னமோ மனசு சப்புன்னு ஆயிருச்சு. வண்டியை எடுக்கப் போறேன், ஜன்னல்ல வந்து தட்டுறான். ஆங், சொல்ல மறந்துட்டேன், மேப்பிள் பாகு காய்ச்சுற சர்க்கரைக் கொட்டகைக்குப் பின்னால பழைய டயர் ஒண்ணு கிடக்கு, அதுவும் கணக்குல வருமான்னான். வரும்னேன். எழுதினேன். ரெண்டாவது நடையும் போனேன்.

இதை நான் போர்டு கூட்டத்துல பொறுமிக்கிட்டே சொன்னேன். இந்த ஆளுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறலன்னு. பிரிசில்லா ஊசியை நிறுத்தல, தலையும் தூக்கல. பாட்டன் காலத்துக் கல்வேலியில எந்தக் கல்லு எப்ப விழுந்துச்சுன்னு சொல்ற மனுஷனுக்கு, ஒரு கோடு மட்டும் வருஷா வருஷம் எப்படி மறக்குதோன்னா. அவ்வளவுதான் சொன்னா. மேசையைச் சுத்தி எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. எதுக்குச் சிரிக்கிறீங்கன்னு நான் கேக்கல.

நீங்களும் அதே மாதிரி சிரிக்கிறீங்க. ரோட்டைப் பாருங்க, மான் குறுக்க வரும். 

ஆனா இந்தத் தடவை அது டயரு, கோழிக்கூடு கணக்குல வராதுங்க. மேட்டு வயலு சாதாரண வயலு இல்ல. மே மாசம் பாபலிங்க் குருவி வருது. உங்க பக்கத்துல இன்னும் வருதா? வர்றது நின்னு போச்சா? பாத்தீங்களா! முதுகு வெள்ளை, வயிறு கறுப்பு, பின்னந்தலையில மட்டும் மஞ்சள். தென்னமெரிக்காவுல இருந்து பறந்து வந்து, மரத்துல கட்டாம, புல்லுக்குள்ள தரையில கூடு கட்டுற அசட்டுப் பறவை. ஜூன்ல அறுத்தா குஞ்சோட போச்சு. ஆர்மண்ட் அந்த வயலை மட்டும் ஜூலைக் கடைசி வரைக்கும் தொட மாட்டான். புல்லு முத்திப் போகும், மாடு மூஞ்சியைத் திருப்பும், இருந்தாலும் தொட மாட்டான். யாரும் கேட்டு அவன் அதைச் செய்யல. எங்க ஒப்பந்தத்துலயும் அது இல்ல. கேட்டா, அதுங்க அவ்வளவு தூரத்துல இருந்து வருது, நான் ஒரு மாசம் காத்திருந்தா குறைஞ்சா போயிடுவேன்னான். இதைக் கேட்டப்ப எனக்கு அந்த ஆளு மேல ஒரு... சரி விடுங்க.

அந்த வயல் உச்சியில ஒரு கூரை நின்னா என்ன ஆகும்? பருந்து வந்து கூரை மேல உக்காரும். பருந்து உக்கார்ற இடத்துல எந்தத் தாய்ப்பறவை தரையில கூடு வைக்கும்? ஒரு வருஷம் பாக்கும், ரெண்டு வருஷம் பாக்கும், அப்பறம் வேற வயலைத் தேடிப் போயிரும். வேற வயலு எங்க இருக்கு? உங்க பக்கத்துல இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க. இதை அவன்கிட்ட சொன்னேன். முகம் வாடிப்போச்சு. அதை நான் நினைக்கலையேன்னான். இருந்தாலும் கட்டடம் இல்ல, வண்டிதான்றதை மட்டும் விடல. தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலு. திபோ வம்சமே அப்படி. 

அதனால நீங்க தயவுதாட்சணியம் பாக்காதீங்க. வீடு அழகாத்தான் இருக்கும், அதுல மயங்காதீங்க. பலகையெல்லாம் அவன் காட்டு மரம், அவனே அறுத்து, அவனே இழைச்சது. ஒரு கீச்சுச் சத்தம் வராது. டோனட்டு குடுப்பான், தின்னுங்க, ஆனா கையெழுத்துப் போட்ட பிறகு தின்னுங்க. இன்னொண்ணு, மீறல்னு எழுதினா நாளைக்கே இழுன்னு சொல்லிடாதீங்க. தரை இன்னும் இறுகல. இப்ப அந்தத் தடியை இழுத்தா வயலே கிழிஞ்சுரும், புல்லு திரும்ப ஒட்ட மூணு வருஷம் ஆகும். நல்லா உறைஞ்ச பிறகு, காலையில, வடக்கு ஓரமா இழுக்கணும். அதையும் சேத்து எழுதிடுங்க.

வந்துட்டோம். அந்தா, மேட்டு மேல தெரியுது பாருங்க. ஆமாங்க, அழகாத்தான் இருக்கு. நான் எப்ப இல்லைன்னேன்? வராந்தாவுல இருக்கிறது நாற்காலிதான். ரெண்டு. தனி ஆளுக்கு எதுக்கு ரெண்டு நாற்காலின்னு கேக்குறீங்களா? அதெல்லாம் உங்க அறிக்கையில வேண்டாம். 

நீங்க இறங்குங்க. நான் வரல. வரக்கூடாது. கேட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன். நாய் ஓடி வரும், ஷெரிஃப்னு பேரு, குரைக்கும், ஒண்ணும் பண்ணாது. பச்சைத் தொப்பியோட கொட்டகை வாசல்ல நிக்கிறானே, அவன்தான். கையை ஆட்டுறான் பாருங்க. எதுக்குத் தாடியெல்லாம் ட்ரிம் பண்ணியிருக்கான் இன்னிக்கு? உங்களுக்காக இருக்கும்.

சரி, சரி. இறங்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? சொல்லிடுறேன். போன வருஷம் எல்லை நடக்கும்போது அந்த உச்சியில மூச்சு வாங்க நின்னோம். மலை பூராவும் இலை சிவந்து கிடந்துச்சு. காலையில இங்க உக்காந்து ஒரு காப்பி குடிச்சா வேற என்னங்க வேணும் மனுஷனுக்குன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இந்த வருஷம் ரெண்டாவது அறுப்பு முடிஞ்சதும் போன் பண்றான். மேட்டு வயல்ல ஒரு மீறல் இருக்கு, வந்து பாருன்னு. மீறினவனே கூப்பிட்டுச் சொல்றான்! போனேன். ஜன்னல் மலையைப் பாத்து இருக்கு. ரெண்டு நாற்காலி. ஒண்ணுல காப்பிக் கோப்பை, ஆவி பறக்குது. அந்த ஆளு தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுத் திருகிக்கிட்டு நிக்கிறான். கேட்டுட்டான்.

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. எனக்கு ஒரு கல்யாணம் ஆகி விவாகரத்தும் ஆச்சு, இனிமே இதெல்லாம் நமக்கு இல்லைன்னு இருந்தவ. அவ்வளவு சந்தோஷம். அதே நேரத்துல அவ்வளவு கோபம், இருபது வருஷமா எதைக் கட்டாதீங்க, கட்டாதீங்கன்னு ஊரெல்லாம் கத்துறேனோ, அதைப் போய் எனக்காகவே கட்டி வச்சிருக்கானேன்னு. கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னேன். ஆர்மண்ட், நீ இப்ப கோட்டுக்கு வெளிய நிக்கிற. இங்க வச்சுக் கேட்டா நான் பதில் சொல்ல முடியாது, கோட்டுக்குள்ள வந்து கேளுன்னேன். தொப்பியை மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு இறங்கினான், நான் பின்னாலயே ஓடினேன். அந்தக் கொட்டகை வாசல்லதான், இப்ப நிக்கிறானே அதே இடத்துல, அத்தனை மாடும் வேடிக்கை பாக்க, திரும்பவும் கேட்டான்.

சரின்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல? 

உனக்காகன்னா வீட்டை இப்பவே இழுத்துடுறேன்னான். எனக்காக இழுக்காதே, அந்தக் கோட்டுக்காக இழுன்னேன். அப்படின்னா தப்புன்னு ஒரு வெளியாள் சொல்லட்டும், வாயைத் திறக்காம இழுக்குறேன்னான். நேரா பிரிசில்லாகிட்ட போனேன். கட்டிக்கப் போறவனோட நிலத்தை நானே பாத்து எழுதினா வேலியே பயிரை மேயுற கதைதானே? வின்ஸ்லோ வாய் மட்டும் இல்ல, என் மனசே சும்மா இருக்காது. நீங்க நிக்கலாம்னு எழுதிட்டீங்கன்னா அந்த நாற்காலியில உக்காந்து என்னால ஒரு வாய் காப்பி நிம்மதியாக் குடிக்க முடியாதுங்க. கீழ, அந்தப் பெரிய மேப்பிள் மரத்துக்குப் பக்கத்துல இடம் பாத்து வச்சிருக்கேன். கோட்டுக்குள்ள. மலை பாதிதான் தெரியும். பாதி போதும்.

போங்க, ஷெரிஃப் வந்துட்டான். நல்லா அளந்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மீறல்னு எழுதினீங்கன்னா இழுத்தாச்சான்னு பாக்க ரெண்டாவது தடவை வரணும்ல? வர்ற மாசம் முதல் சனிக்கிழமையா வாங்க. வேட்டைக் காலமும் முடிஞ்சிருக்கும், தரையும் இறுகியிருக்கும். காலையில வீடு கீழ இறங்குறதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு, மத்தியானம் கல்யாணத்துக்கு இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.